லைற் எரியுது, கார் உதறுது: என்ன செய்யலாம்?

(அஜின்கோர்டில் நடந்த எமது ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



புத்தாண்டை ஒட்டி எங்கட ஆக்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விடயத்தைப் பேசுங்கோ என்று சங்கத்தார் கேட்டார்கள். நான் மேடையில் ஏறிப் பழக்கமில்லாதவன். ஊரில் உயர்தரம் எடுத்ததோடு என் படிப்பு முடிந்தது. இங்கே தொழிற்சாலையில் வேலை. கார் திருத்துவதும் என் தொழில் இல்லை. ஆனால் இந்த நாட்டில் பழைய கார் வைத்திருக்கிறவன் அரை மெக்கானிக்காக மாறத்தான் வேண்டும். அந்த அரைப் படிப்பில் ஒரு பாடத்தைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

இதென்ன, புதுவருஷத்தில் பேச வேறு விடயம் கிடைக்கவில்லையோ என்று நீங்கள் நினைக்கக்கூடும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. எங்களில் எத்தனை பேர் இரவு வேலைக்குப் போகிறோம்? சாமம் கழிந்து வேலை விட்டால் இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர விடிந்துவிடும். ஏஜென்சி மூலம் வேலை செய்கிறவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் அவருடைய இடத்தில் வேறு ஆள் நிற்பார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, அம்மாவை டொக்டரிடம் கூட்டிப் போக, சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போக எல்லாவற்றுக்கும் கார் வேண்டும். ஆகவே கார் நின்றால் வீட்டில் பல விடயங்கள் நின்றுவிடும். அந்தப் பயத்தில்தான் லைற் எரிந்தவுடன் பதறிப்போய், யார் எதை மாற்றச் சொன்னாலும் மாற்றி, இரண்டு கிழமைச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

முதலில் இரண்டு சொற்களை விளங்கிக்கொள்ளுவோம். ஸ்ரொப் லைற்றில் நிற்கும்போது, பெற்றோல் பெடலில் கால் வைக்காமலே எஞ்சின் மெதுவாக இரைந்துகொண்டிருக்கும். அதுதான் ஐட்லிங். சூடேறிய எஞ்சின் என்றால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 600 முதல் 800 சுற்று. ஊசி ஓரிடத்தில் நிற்க வேண்டும். அப்படி இல்லாமல் ஊசி ஏறி இறங்கி, ஸ்ரியறிங் கையில் நடுங்கி, கதிரை குலுங்கினால் "கார் உதறுது" என்கிறோம். அதோடு சேர்ந்து முன்னுக்கு மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் போட்ட ஒரு விளக்கு எரியும். அதுதான் செக் எஞ்சின் லைற்.

இந்த விளக்கு எங்கேயிருந்து வந்தது? லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைப் புகை மூடிய காலத்திலிருந்தே கலிபோர்னியா மாநிலம் கார்ப் புகையோடு மல்லுக்கட்டி வந்தது. 1988ஆம் ஆண்டுக் கார்களிலிருந்து, புகையோடு சம்பந்தப்பட்ட பழுதைக் காரே கண்டுபிடித்து விளக்கால் காட்ட வேண்டும் என்று அங்கே விதித்தார்கள். அப்போது ஒவ்வொரு கம்பனியும் தன் தன் பாட்டுக்கு ஒரு முறை வைத்திருந்தது. பிறகு எல்லாருக்கும் பொதுவான முறை வந்தது. அதன் பெயர் ஓபிடி 2. அமெரிக்காவில் 1996 கார்களிலிருந்தும், கனடாவில் 1998 கார்களிலிருந்தும் அது கட்டாயம். ஆகவே இன்று எங்கட ஆக்கள் ஓட்டுகிற கார்களில் அனேகமாக எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஸ்ரியறிங்குக்குக் கீழே, முழங்காலுக்குக் கிட்ட, 16 ஊசி உள்ள ஒரு துவாரம் இருக்கும். அதில் ஒரு சின்னக் கருவியைக் கொழுவினால் காரின் கொம்பியூட்டர் ஒரு எழுத்தும் நாலு இலக்கமும் சொல்லும். அதைத்தான் கோட் என்கிறோம்.

ஒன்ராறியோவில் 1999 முதல் 2019 வரை டிரைவ் கிளீன் என்ற புகைப் பரிசோதனை இருந்தது. கடைசி வருஷங்களில் லைற் எரிந்துகொண்டிருந்தாலே கார் பெயில். அதனால் பிடிக்காவிட்டாலும் போய்த் திருத்தினோம். 2019 ஏப்ரல் 1 உடன் எங்கட சாதாரணக் கார்களுக்கு அந்தப் பரிசோதனை நின்றுபோனது. அதற்குப் பிறகு, லைற்றுக்கு மேலே கறுப்பு ரேப் ஒட்டிவிட்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். சிரிக்கிறியள்; எனக்கு ஆட்களைத் தெரியும்!

எங்கட ஊரில் இப்படி லைற் ஒன்றும் இருக்கவில்லை. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஓடிய யாழ்ப்பாணத்தில் மெக்கானிக்மாரின் காதுதான் கருவி. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராமல் போக, கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள் என்பதை இங்கே இருக்கும் மூத்தவர்கள் அறிவார்கள். வெள்ளைப் புகை, நாற்றம், அடிக்கடி கரி பிடிக்கிற பிளக். ஒரு பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லக்கூடிய ஆட்கள் எங்களுக்குள் இருந்தார்கள். சாமான் கிடையாது, ஆகவே மாற்றிப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது. எது பழுது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் கை வைப்பார்கள். இங்கே சாமான் தாராளமாகக் கிடைப்பதால் அந்தப் பழக்கம் எங்களை விட்டுப் போய்விட்டது.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். கோட் என்பது ஒரு முறைப்பாடு. அது தீர்ப்பு இல்லை. என் தொழிற்சாலையில் பெல்ட் நின்று சிவப்பு விளக்கு எரிந்தால், "பெட்டி சிக்கியிருக்கு" என்று திரையில் வரும். போய்ப் பார்த்தால் பெட்டி ஒன்றும் சிக்கியிருக்காது. சென்சரின் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். அதற்காக மோட்டரையா மாற்றுவோம்? காரும் அப்படித்தான். கொம்பியூட்டர் தான் கண்டதைச் சொல்லுகிறது. ஏன் அப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டியது மனிதன்.

லைற் எரிந்தவுடன் முதலில் அது எப்படி எரிகிறது என்று பாருங்கோ. விட்டு விட்டு மின்னாமல் ஒரே சீராக எரிந்தால், கார் ஓடுகிற விதத்தில் பெரிய மாற்றம் இல்லை என்றால், வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரலாம். ஆனால் மாதக்கணக்கில் விடக்கூடாது. மின்னி மின்னி எரிந்தால் அது வேறு. எஞ்சினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல், எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது கற்றலிற்றிக் கொன்வேற்றருக்குள் போய் அங்கே எரிந்து, அந்தச் சாமானையே உருக்கிவிடும். அது காரில் உள்ள விலை கூடிய சாமான்களில் ஒன்று. ஆகவே மின்னினால் வேகத்தைக் குறைத்து, 401இல் நின்றால் அடுத்த வெளிவழியால் இறங்கி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கோ. காய்ந்த புல்லுக்கு மேலே நிறுத்தவேண்டாம். எண்ணெய்ப் போத்தல் படம் போட்ட சிவப்பு விளக்கோ, சூட்டைக் காட்டுகிற சிவப்பு விளக்கோ எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், உடனே எஞ்சினை நிறுத்துங்கோ.

அடுத்தது, எப்போது உதறுகிறது என்று ஒரு கடதாசியில் எழுதுங்கோ. காலையில் குளிராக இருக்கும்போதா, சூடான பிறகா? நிற்கும்போது மட்டுமா, ஓடும்போதுமா? மழை நாளிலா? ஏசி போட்டாலா? கடைசியாகப் பெற்றோல் அடித்தது எப்போது? இந்த ஐந்து வரி மெக்கானிக்குக்கு ஒரு மணித்தியால வேலையை மிச்சப்படுத்தும். மிச்சமாகிறது உங்கட காசு.

பிறகு பெற்றோல் மூடியைப் பாருங்கோ. மூடி இறுகாவிட்டாலும், அதன் ரப்பர் வெடித்திருந்தாலும் லைற் எரியும். அப்படியென்றால் பி 0455, பி 0442 போன்ற கோட் வரும். நல்லாய் இறுக்கிவிட்டு சில நாள் ஓடினால் லைற் தானாக நிற்கக்கூடும். ஆனால் மூடியால் கார் உதறாது. உதறினால் தொடர்ந்து தேட வேண்டும்.

நாலாவது, கோட்டை வாசிப்பது. வாசிக்கிற சின்னக் கருவி கார் சாமான் கடைகளில் ஐம்பது டொலருக்குள்ளேயே வாங்கலாம். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். வந்த கோட் முழுவதையும் எழுதுங்கோ. உடனே அழிக்கவேண்டாம். பழுது நடந்த நேரம் எஞ்சின் எவ்வளவு சூடு, எத்தனை சுற்று, எவ்வளவு வேகம் என்பதையும் கொம்பியூட்டர் சேர்த்து வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். தடயத்தைக் கழுவிவிட்டுப் பொலிசைக் கூப்பிட்ட கதையாகிவிடும்.

உதறுகிற காரில் பொதுவாக இரண்டு வகைக் கோட் வரும். ஒன்று, பி 0300 முதல் தொடங்குவது. பி 0301 என்றால் முதலாவது சிலிண்டர் மிஸ் பண்ணுது, பி 0302 என்றால் இரண்டாவது. பி 0300 என்றால் ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் அங்கங்கே மிஸ் பண்ணுது. இதற்குக் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனித்தனிக் கொயில் உள்ள கார் என்றால், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுங்கோ. மூன்றாவதில் உள்ளதை இரண்டாவதில் போடுங்கோ. இப்போது, எழுதி வைத்த பிறகு, கோட்டை அழித்துவிட்டு ஓடிப் பாருங்கோ. பி 0303 வந்தால் பழுது கொயிலோடு இடம் மாறியிருக்கிறது. கொயில்தான் கள்ளன். திரும்பவும் பி 0302 வந்தால் கொயிலில் குற்றம் இல்லை. அப்போது பிளக்கை இதேபோல மாற்றிப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டர், அதற்குப் பிறகு சிலிண்டரின் அமுக்கம் என்று மெக்கானிக் சோதிக்க வேண்டும். மிஸ் பண்ணுவதோடு கூலன்ற் தண்ணியும் குறைந்து, வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் காஸ்கற் பழுதாக இருக்கலாம். அந்தக் காரைத் தொடர்ந்து ஓட்டாதேங்கோ.

மற்றது பி 0171. பெற்றோலுக்குக் காற்று கூடிப்போச்சு என்று அதன் அர்த்தம். ஒரு பங்கு பெற்றோலுக்கு நிறையில் 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. கொம்பியூட்டர் அளந்த காற்றைவிட, அளக்காத காற்று எங்கேயோ வெடிப்பால் உள்ளே போனால் கணக்குப் பிழைக்கும். எஞ்சின் மெதுவாக இரையும்போது உள்ளே போகிற மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் களவாகப் போகிற காற்று பெரிய பங்கு. ஆகவே நிற்கும்போது உதறும். வேகமாக ஓடும்போது அது கணக்கில் தெரியாது, கார் நல்லபிள்ளை போல ஓடும். கருவியில் "ஃபியூவல் ரிறிம்" என்று ஒரு எண் வரும். நிற்கும்போது அது 20, 25 என்று கூடி, 2500 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்தவுடன் குறைந்தால், காற்று ஒழுகுகிறது என்று நம்பலாம். மாறாக, சுற்று ஏற ஏற அந்த எண்ணும் கூடினால், பெற்றோல் பம்ப், பில்டர், அல்லது காற்றை அளக்கிற சென்சர் பக்கம் தேட வேண்டும்.

எங்கட நாட்டுக் குளிர் என்று சொல்ல முடியாத இந்த ரொறன்ரோக் குளிர் ரப்பருக்குப் பகை. மாரி முழுக்க விறைத்த குழாய்கள் பழைய காரில் வெடித்திருக்கும். 2000களில் வந்த சில கொரோல்லாக்களில், காற்றுப் போகிற மனிபோல்டின் காஸ்கற் கடும் குளிரில் சுருங்கி இதே பி 0171 கோட்டைக் கொண்டுவந்தது. சூடான பிறகு ஒன்றும் தெரியாது. கராஜுக்குள் கொண்டுபோய்ச் சூடாக்கிப் பார்த்தால் பழுதே இல்லை! காலைக் குளிரில்தான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் எப்போது உதறுது என்று எழுதச் சொன்னேன்.

ஒழுக்கைத் தேட, பொனற்றைத் திறந்து எஞ்சின் ஓடும்போது "ஸ்ஸ்" என்று சத்தம் கேட்கிறதா பாருங்கோ. காற்றுப் பில்டரிலிருந்து போகிற பெரிய ரப்பர்க் குழாயின் மடிப்புகளை நிறுத்திய பின் விரித்துப் பாருங்கோ, வெடிப்பு அதற்குள் ஒளிந்திருக்கும். பிசிவி வால்வின் சின்னக் குழாயையும் பாருங்கோ. சூடான எஞ்சினில் எரியக்கூடிய ஸ்பிறே அடித்துத் தேடுகிற வேலையைச் செய்யாதேங்கோ, தீப்பிடிக்கும். கராஜில் புகை விட்டுத் தேடுகிற கருவி இருக்கிறது. இன்னொன்று: பூட்டிய கராஜுக்குள்ளேயோ கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்திலேயோ எஞ்சினை ஓடவிட்டு இதைச் செய்யவேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெளியிலே செய்யுங்கோ. தொங்குகிற சால்வை, தளர்ந்த கை உடுப்பு இல்லாமல் செய்யுங்கோ.

கோட் ஒன்றும் பெரிதாக வராமல் உதறினால், துரொட்டில் பொடியில் கரி பிடித்திருக்கலாம். அதற்கென்று விற்கிற திரவத்தால் துடைத்தாலே பல பழைய கார்கள் அமைதியாகிவிடும். இஜிஆர் வால்வு திறந்தபடி இறுகினாலும் நிற்கும்போது உதறும். எஞ்சின் தாங்கியின் ரப்பர் கிழிந்திருந்தால் எஞ்சின் நல்லாய் ஓட, கார் மட்டும் குலுங்கும்.

எங்கட தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு அண்ணையின் கதையைச் சொல்லுகிறேன். அவருடைய காரில் பி 0420 வந்தது. கொன்வேற்றர் சரியாக வேலை செய்யவில்லை என்று அந்தக் கோட் சொல்லும். ஒரு கராஜில் கோட்டைப் பார்த்தவுடன் கொன்வேற்றரை மாற்றிவிட்டார்கள். பிள்ளையின் வகுப்புக் கட்டணத்துக்கு வைத்திருந்த காசு போனது. நாலு மாதத்தில் அதே லைற். கார் முன்பும் உதறியது, இப்பவும் உதறியது. பிறகு இன்னொருவர் நிதானமாகப் பார்த்தால், ஒரு சிலிண்டரின் கொயில் பழுது. எரியாத பெற்றோல் போய்ப் பழைய கொன்வேற்றரையும் தின்றது, புதியதையும் தின்றது. கொயிலின் விலை கொன்வேற்றரின் விலையில் ஒரு சின்னப் பங்கு. கோட் பொய் சொல்லவில்லை. கொன்வேற்றர் பழுதுதான். ஏன் பழுதானது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகவே கராஜுக்குப் போனால் கேட்க வேண்டிய கேள்வி, "இதை மாற்ற எவ்வளவு?" என்பதல்ல. "என்ன கோட் வந்தது? எந்தச் சோதனை செய்து இந்தச் சாமான்தான் பழுது என்று கண்டீர்கள்?" என்று கேளுங்கோ. ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. வெட்கப்பட ஒன்றும் இல்லை. அக்காமாருக்கு விசேடமாகச் சொல்லுகிறேன்: கார் உங்கட பெயரில், காசு உங்கட கையில். கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நல்ல மெக்கானிக் சோதிப்பதற்கென்று ஒரு கட்டணம் கேட்பார். அதைக் கொடுக்கத் தயங்காதேங்கோ. கண்டுபிடிப்பதும் வேலைதான்.

சட்டமும் எங்கட பக்கம் இருக்கிறது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2005இல் நடைமுறைக்கு வந்தது. கார் திருத்துவது பற்றி அதில் தனிப் பகுதியே உண்டு. எவ்வளவு முடியும் என்று எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். அந்த மதிப்பீட்டுக்கு மேலே நூற்றுக்கு பத்துக்கு மேல் கூட்டிக் கேட்க முடியாது. கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரத் தயாராக இருக்க வேண்டும். புதிதாகப் போட்ட சாமானுக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5000 கிலோமீற்றர், எது முதல் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. இதை எங்கட ஆட்களின் கராஜுக்குப் போனாலும் கேட்கலாம். "தெரிந்த பொடியன்தானே" என்று எழுத்தில்லாமல் விட்டு, பிறகு கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்புவதைவிட, முதலே எழுதி வாங்குவது உறவுக்கும் நல்லது.

கடைசியாக, பாவித்த கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்லு. புதிதாக வந்த தம்பிமார் இதைக் கவனியுங்கோ. திறப்பைப் போட்டுத் திருப்பி, ஸ்ராட் பண்ணாமல் நிறுத்துங்கோ. எல்லா விளக்கும் எரிய வேண்டும், எஞ்சின் லைற்றும் எரிய வேண்டும். அது மட்டும் எரியாவிட்டால் யாரோ அதை மறைத்திருக்கக்கூடும். பிறகு ஸ்ராட் பண்ணினால் அது அணைய வேண்டும். விற்கிறவர் அன்று காலையில் கோட்டை அழித்திருக்கவும் கூடும். கருவியைக் கொழுவினால், காரின் சுய பரிசோதனைகள் முடிந்தனவா இல்லையா என்று காட்டும். பல பரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று வந்தால் அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றறி கழற்றியிருக்கிறார்கள். காரணம் கேளுங்கோ. எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கோ. முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் அதற்கும் காரணம் கேளுங்கோ.

சித்திரை பிறக்கிறது. உறைபனியும் போய்விட்டது. வீட்டைத் துப்புரவாக்கி மருத்துநீர் வைக்கிற நாட்களில், ஒரு அரை மணித்தியாலம் பொனற்றையும் திறந்து பாருங்கோ. குழாய் எது வெடித்திருக்கிறது, எண்ணெய் எவ்வளவு நிற்கிறது, கூலன்ற் குறைந்திருக்கிறதா என்று பாருங்கோ. பிள்ளைகளையும் பக்கத்தில் நிற்கவிட்டுக் காட்டுங்கோ, பொம்பிளைப் பிள்ளைகளையும்தான். கறுப்பு ரேப் ஒட்டினவர்கள் அதை இன்றைக்கே உரித்து எறியுங்கோ.

கேள்வி இருக்கிறவர்கள் கூட்டம் முடிந்த பிறகு வாகனத் தரிப்பிடத்துக்கு வாங்கோ. கருவி கொண்டுவந்திருக்கிறேன். யாருடைய காரில் லைற் எரிகிறதோ, அங்கேயே வாசித்து எழுதித் தருகிறேன். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று ஆறுதலாகக் கதைப்போம்.